லேண்ட்லைன் பழுதானால்: புகார் செய்வதற்கு முன்னும் பின்னும்

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். தொட்டால் ஏதேதோ திறந்துகொள்கிறது என்று அதை அலமாரியில் வைத்துவிட்டார். அவருக்குப் பழகிய ஃபோன் கூடத்து முக்காலியில் இருக்கும் லேண்ட்லைன்தான். முப்பது வருடங்களாக அதே எண். உறவினர்கள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம்.

ஓர் ஐப்பசி மாதம், நான்கு நாள் அடைமழைக்குப் பிறகு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னோம். பெரியம்மா திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். என் காதில் கேட்ட மணி அவர் வீட்டில் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவர் யாரையும் அழைப்பதில்லை, வரும் அழைப்பை எடுப்பதோடு சரி. அதனால் லைன் போனதே அவருக்குத் தெரியவில்லை.

அந்த லைனைச் சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை எட்ட எட்டு நாள் பிடித்தது. என்ன பழுது, எங்கே பழுது என்று சொல்ல எங்களுக்குத் தெரியாததே அதற்குப் பெரிய காரணம். கைப்பேசியோடு வளர்ந்துவிட்டு, இப்போது அம்மா, அப்பா, பெரியம்மா வீட்டு லைனுக்குப் பொறுப்பேற்றிருக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இரண்டு விஷயங்களை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். பழுது வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பது ஒன்று. புகாரைப் பதிந்ததும் அவர்கள் தரும் புகார் எண் இன்னொன்று.

லைன் வரும் வழி

பழைய செம்புக் கம்பி இணைப்பில் உங்கள் ஃபோனிலிருந்து எக்ஸ்சேஞ்ச் எனப்படும் இணைப்பகம் வரைக்கும் இரண்டே இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. இணைப்பகத்திலிருந்து பூமிக்கடியில் தடித்த கேபிளாகக் கிளம்பி, தெருமுனையில் இரும்புப் பெட்டியாக நிற்கும் பில்லருக்கு வருகின்றன. அங்கிருந்து கம்பத்திலோ சுவரிலோ இருக்கும் டிபி பாக்ஸ் என்ற சிறிய பெட்டிக்கு. அதிலிருந்து கறுப்பு டிராப் வயர் வழியாக உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ரோசெட் பெட்டிக்கு. ஃபோனின் ஒயரைச் செருகுகிறோமே, அந்தச் சிறு வெள்ளைப் பெட்டிதான் ரோசெட்.

வழியில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றனவோ அத்தனை இடங்களில் பழுது வரலாம். மழைத்தண்ணீர் கேபிள் ஜாயின்டுக்குள் இறங்கும். சாலை தோண்டுபவர்கள் கேபிளை வெட்டிவிடுவார்கள். செம்புக்கு விலை கிடைப்பதால் கேபிளையே திருடிக்கொண்டு போவதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தமிழ்நாட்டில் புகார்கள் குவிவது இதனால்தான்.

ரோசெட் வரைக்கும் சரிசெய்து தருவது நிறுவனத்தின் வேலை. ரோசெட்டுக்குப் பிறகு நீங்களாக இழுத்த ஒயரும் கூடுதல் ஃபோனும் உங்கள் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வருகிறது.

பழுதே இல்லாத பழுதுகள்

லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்கு மட்டும் அழைப்பு போகவில்லை, மற்ற லேண்ட்லைன் எண்களுக்குப் போகிறது என்றால் அது பழுதல்ல. 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து எந்தக் கைப்பேசியை அழைத்தாலும் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். பழைய பழக்கத்தில் பத்து இலக்கத்தை மட்டும் அழுத்திவிட்டு, லைன் கெட்டுவிட்டது என்று கவலைப்படும் பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன்.

அழைப்புகள் உள்ளே வருகின்றன, வெளியே மட்டும் போகவில்லை என்றால் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் பொதுவாக வெளிச்செல்லும் அழைப்பை முதலில் நிறுத்துவார்கள். பணம் கட்டிய ரசீது கையில் இருந்தும் லைன் திறக்கவில்லை என்றால், பழுதுப் புகார் செய்யாமல் பில் தொடர்பான புகார் செய்யுங்கள். பழுதென்று பதிந்தால் லைன்மேன் வந்து பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். உங்கள் சிக்கல் அப்படியே இருக்கும்.

காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். லைன்மேனிடம் “ஃபோன் வேலை செய்யவில்லை” என்று சொல்வதும் மருத்துவரிடம் “உடம்பு சரியில்லை” என்று சொல்வதும் ஒன்றுதான்.

முதலில் ரிசீவரை எடுத்துக் கேளுங்கள். டயல் டோன், அதாவது எண்ணை அழுத்துமுன் விடாமல் கேட்கும் ஒலி, வருகிறதா? பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, கைப்பேசியிலிருந்து அதே எண்ணை அழையுங்கள். இந்த இரண்டு காரியத்தை மட்டும் செய்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

டோன் இல்லை, ஆனால் அழைப்பவருக்கு மணி அடிப்பதுபோல் கேட்கிறது, வீட்டு ஃபோன் அடிக்கவில்லை. அப்படியானால் பெரும்பாலும் எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. இணைப்பகம் மணியை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, அது வீடு வந்து சேரவில்லை. பெரியம்மா வீட்டில் நடந்தது இதுதான்.

டோன் இல்லை, அழைப்பவருக்கு எந்நேரமும் பிஸி டோன் கேட்கிறது. அப்படியானால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது வீட்டில் ஏதோ ஒரு ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை. இரண்டுமே இணைப்பகத்துக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். யாரோ ரிசீவரை எடுத்து வைத்திருக்கிறார் என்றே அது எண்ணிக்கொள்ளும். எனவே புகார் செய்யுமுன் மாடி அறை ஃபோன், சமையலறை ஃபோன் எல்லாவற்றையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முதல் மணி அடித்ததுமே அழைப்பு துண்டிக்கப்படுகிறது. இது ஈரத்தின் வேலை. சும்மா இருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவில் ஏசி வரும். ஈரம் ஊறிய ஜாயின்டில் அந்த மணி மின்சாரம் கசிவதால், யாரோ ஃபோனை எடுத்துவிட்டார்கள் என்று இணைப்பகம் ஏமாந்து மணியை நிறுத்திவிடுகிறது. வெயில் அடித்தால் தானாகச் சரியாகும், மழை வந்தால் திரும்ப வரும். “மழை பெய்தால் மட்டும்” என்ற இந்தச் செய்தி லைன்மேனுக்கு மிக முக்கியம். அவர் வருவது வெயில் நாளாக இருந்தால் லைன் நல்லபடியாகத்தான் இருக்கும்.

கரகரவென்ற சத்தம் வந்தால் துருப்பிடித்த அல்லது தளர்ந்த ஜாயின்ட். விட்டுவிடாத ஒரே ரீங்காரம் என்றால் ஒரு கம்பி எங்கோ மண்ணைத் தொடுகிறது. வேறு யாரோ பேசுவது மெல்லக் கேட்டால் கேபிளுக்குள் அடுத்த வீட்டு ஜோடிக் கம்பியோடு காப்புறை கெட்டிருக்கிறது. நீங்கள் பேசுவது மட்டும் மறுமுனைக்குக் கேட்கவில்லை என்றால், லைனைச் சந்தேகிக்கும் முன் ஃபோனை மாற்றிப் பாருங்கள். ரிசீவரில் உள்ள மைக் பழுதாகியிருக்கலாம்.

ஒன்று பலரைக் குழப்பும். பழைய செம்பு லைனில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு இணையம் மெதுவாக வந்துகொண்டிருக்கும், ஃபோனில் மட்டும் டோன் இருக்காது. இணையம் வரும்போது கம்பி எப்படி அறுந்திருக்கும் என்று கேட்பார்கள். இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் பிராட்பேண்ட் சிக்னல் ஓரளவு தாண்டி வந்துவிடும், குரல் வராது. புகார் செய்யும்போது “இணையம் வருகிறது, டோன் இல்லை” என்று அப்படியே சொல்லுங்கள். அனுபவமுள்ள லைன்மேன் அந்த ஒரு வரியிலேயே புரிந்துகொள்வார்.

ரோசெட்டில் ஒரு சோதனை

ரோசெட்டோடு சேர்ந்திருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மோடம், ஃபோனையும் இணையத்தையும் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர், கூடுதல் ஃபோன்கள், காலர் ஐடி பெட்டி எதையும் விடாதீர்கள். பிறகு சாதாரண ஒயர் ஃபோன் ஒன்றை, தனக்கென்று மின்சாரம் தேவைப்படாத ஃபோனை, நேரடியாக ரோசெட்டில் செருகுங்கள். கார்ட்லெஸ் ஃபோன் இந்தச் சோதனைக்கு உதவாது. அதன் அடாப்டர் கெட்டிருந்தாலே டோன் வராது.

டோன் வந்துவிட்டால் பழுது உங்கள் வீட்டுக்குள்தான். கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி, எதைச் செருகும்போது டோன் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்ப்ளிட்டரோ, பல்லுடைந்த பிளாஸ்டிக் கிளிப்போ, எலி கடித்த ஒயரோதான் அகப்படும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருள் ஒன்றை மாற்றினால் வேலை முடிந்தது. இணையம் பயன்படுத்தும்போது மட்டும் ஃபோனில் இரைச்சல் வருகிறது என்றாலும் ஸ்ப்ளிட்டரைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

டோன் வரவில்லை என்றால் பழுது ரோசெட்டிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. இனி நிறுவனத்தின் வேலை. சோதனைக்குக் கொண்டுவந்த ஃபோன் நல்ல ஃபோன்தானா என்பதை மட்டும் வேறு வீட்டு லைனில் செருகி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரோசெட்டின் மூடியைத் திறந்து பார்க்கலாம். எறும்புக்கூடு, பச்சையாகப் படர்ந்த செம்புத் துரு, திருகிலிருந்து கழன்ற கம்பி இவை கண்ணுக்கே தெரியும். பெரியம்மா வீட்டில் எறும்புகள் மண் சேர்த்து வைத்திருந்தன. அந்த ஈரத்தில் கம்பி துருவேறி அறுந்திருந்தது. ஆனால் ஈரக்கையோடு கம்பியைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் மணி மின்சாரம் சுரீரென்று அடிக்கும். இடி இடிக்கும்போது இந்த வேலையே வேண்டாம், ஒயர் ஃபோனில் பேசவும் வேண்டாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் லேண்ட்லைன் வைத்திருக்கும் இரண்டு வீடுகளில் விசாரியுங்கள். தெருவே டெட் என்றால் பில்லருக்கோ கேபிளுக்கோ வந்த பழுது. அது ஒரு லைன்மேன் தனியாகச் சரிசெய்யும் வேலை அல்ல, நாளாகும். ஆனாலும் “பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்” என்று இருந்துவிடாமல் ஒவ்வொரு வீடும் தனித்தனியே புகார் பதிய வேண்டும். ஐந்து எண்களிலிருந்து புகார் போனால், அது கேபிள் பழுது என்று இணைப்பகத்திலேயே விளங்கிவிடும். வாடகைத் தள்ளுபடியும் புகார் பதிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

புகார் பதிவது

அழைக்க வேண்டிய எண்ணை உங்கள் பில்லிலிருந்து எடுங்கள். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண் என்ற பெயரில் மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை இணையத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். பழுது நீக்க வேண்டுமானால் இந்தச் செயலியை நிறுவுங்கள், பத்து ரூபாய் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பிஎஸ்என்எல் லேண்ட்லைனுக்கும் ஃபைபருக்கும் 1800 4444 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. தனியார் நிறுவனங்களுக்குப் பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணும் அவர்களுடைய செயலியும்.

அழைப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எஸ்டிடி குறியீட்டோடு லேண்ட்லைன் எண், பில்லில் உள்ள கணக்கு எண், பழுது தொடங்கிய நாள், மேலே சொன்ன சோதனைகளில் கண்டது. “டயல் டோன் இல்லை. வெளியிலிருந்து அழைத்தால் மணி போகிறது, இங்கே அடிக்கவில்லை. ரோசெட்டில் நேரடியாக வேறு ஃபோன் போட்டுப் பார்த்தேன், அப்போதும் டோன் இல்லை.” மூன்றே வரிகள். இவ்வளவு சொன்னபிறகு, மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்று உங்களை யாரும் சுற்றவிட மாட்டார்கள்.

அடுத்தது நாங்கள் கோட்டைவிட்ட இடம். எங்கள் முதல் புகாருக்கு லைன்மேன் மறுநாளே வந்திருக்கிறார். பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தார். தொடர்பு எண்ணாக நாங்கள் கொடுத்தது பழுதான அதே லேண்ட்லைன் எண். அழைத்துப் பார்த்திருப்பார், யார் எடுப்பது? “வீடு பூட்டியிருந்தது” என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். இதை அறியாமல் நாங்கள் மூன்று நாள் காத்திருந்தோம். ஆகவே வேலை செய்யும் கைப்பேசி எண் ஒன்றைக் கொடுங்கள், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள், பூட்டியிருந்தால் சாவி வாங்க வேண்டிய பக்கத்து வீட்டையும் சொல்லிவிடுங்கள். கிராமமாக இருந்தால் அடையாளம் அவசியம். பிள்ளையார் கோயிலுக்கு எதிர்வீடு என்றால் யாருக்கும் விளங்கும்.

பதிவு செய்த கைப்பேசி எண் எது என்பதையும் அப்போதே கேளுங்கள். குறுஞ்செய்தி எல்லாம் அதற்குத்தான் போகும். காலமாகிவிட்ட பெரியப்பாவின் எண்ணுக்கு எங்கள் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டிருந்தன. லைன் யார் பேரில் இருந்தாலும் தொடர்பு எண்ணை மாற்றிவிடுவது முதல் வேலை.

பேச்சை முடிக்கும் முன் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த புகார் தீர்வு விதிகளின்படி, பதிவாகும் ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுத்தே ஆக வேண்டும். தெரிந்த லைன்மேனிடம் நேரில் சொல்வது தவறில்லை, பல ஊர்களில் வேலை வேகமாக நடப்பதும் அப்படித்தான். ஆனால் வாய்வார்த்தையோடு நிறுத்திவிட்டால் நீங்கள் புகார் செய்ததற்கே சாட்சி இல்லை. எண் இல்லாத புகார், பின்னால் எந்த மேசையிலும் செல்லாது.

காத்திருக்கும் நாட்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வரும் அழைப்புகளைக் கைப்பேசிக்குத் திருப்பிவிட முடியுமா என்று கேளுங்கள். அழைப்பைத் திருப்புவது இணைப்பகத்தில் நடக்கும் வேலை, எனவே தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலும் அது நடக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

லைன்மேன் வரும்போது

2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எந்தப் பில்லரில் எந்த ஜோடி யாருடையது என்று மனப்பாடமாக வைத்திருந்த ஆட்களும் அவர்களோடு போனார்கள். இன்று உங்கள் வீட்டுக்கு வருபவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம், பல ஊர்களை ஒருவராகப் பார்ப்பவராக இருக்கலாம். கோபத்தை அவரிடம் காட்டுவதில் பயனும் இல்லை, நியாயமும் இல்லை. தண்ணீர் கொடுத்து, ஏணி பிடித்து, கண்டறிந்ததைச் சொல்லுங்கள்.

அவர் பொதுவாக டிபி பாக்ஸில் தன்னுடைய சோதனை ஃபோனைப் போட்டுப் பார்ப்பார். அங்கே டோன் இருந்தால் பழுது டிராப் வயரிலோ வீட்டிலோ இருக்கிறது. இல்லையென்றால் பில்லரை நோக்கிப் போவார். அந்த முடிவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “டிபியில் டோன் இல்லை, கேபிள் ஆட்கள் வர வேண்டும்” என்று அவர் சொன்னால், அடுத்த முறை அழைக்கும்போது அதையே சொல்லலாம்.

டிராப் வயரில் பல இடங்களில் முறுக்கி டேப் சுற்றியிருந்தால், இன்னொரு ஒட்டுப் போட வேண்டாம், வயரையே மாற்றித்தாருங்கள் என்று கேளுங்கள். ஒட்டு அடுத்த மழையில் திரும்பவும் அழைக்க வைக்கும். வயர் சுவருக்குள் நுழையும் இடத்தில் சற்றே கீழ்நோக்கித் தொங்கி மேலேறிப் போனால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ரோசெட்டுக்குள் இறங்காது. இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை.

வெளியில் உள்ள பழுதை நீக்கக் கட்டணம் கிடையாது. உள்வயரிங் அவரே செய்து தந்தால் அதற்கான கூலி வேறு. அவர் கிளம்புமுன் டோன் கேட்டு, கைப்பேசியிலிருந்து அழைத்து மணி அடிக்கவிட்டு, எடுத்து இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். டோன் இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஈரப் பழுதுகள் மணி அடிக்கும்போதுதான் வெளிப்படும்.

நாட்கள் கடந்தால்

“உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தும் ஃபோன் டெட்டாகவே இருந்தால் அன்றே அழையுங்கள். புதிதாகப் பதியும்போது பழைய எண்ணைச் சொல்லி, சரிசெய்யாமல் முடிக்கப்பட்டது என்று குறிக்கச் சொல்லுங்கள். புதிய எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இனி வரும் படிகள் எல்லாம் அந்த நோட்டின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் வாடகைத் தள்ளுபடி. டிராயின் 2009 தரக்கட்டுப்பாட்டு விதிகளில் இது தெளிவாக வரையறுக்கப்பட்டது. பழுது 3 நாளைத் தாண்டி 7 நாள்வரை நீடித்தால் 7 நாள் வாடகை, 7 நாளைத் தாண்டி 15 நாள்வரை என்றால் 15 நாள் வாடகை, அதற்கும் மேல் போனால் ஒரு மாத வாடகை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளும் பழுது 3 நாளைக் கடந்தால் வாடிக்கையாளருக்கு ஈடு செய்ய வேண்டும் என்கின்றன. அடுத்த பில்லில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புகார் எண்ணையும் தேதிகளையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தொகை சிறியதாக இருக்கலாம். கேட்பவர் இல்லாத இடத்தில் தாமதம் யாருக்கும் செலவாவதில்லை என்பதால் கேட்க வேண்டும் என்கிறேன்.

புகாருக்குத் தீர்வு இல்லை, அல்லது தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். அதன் மேல் 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதிகாரியின் மின்னஞ்சலும் முகவரியும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்கும். நீண்ட கடிதம் வேண்டாம். எண், தேதி, பழுது, வந்து பார்த்தவர் சொன்னது, என்ன வேண்டும் என்பது, இவை அரைப்பக்கத்தில் அடங்கும்.

அங்கும் நடக்கவில்லை என்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பொதுக்குறை தீர்வுப் பிரிவு இருக்கிறது. அதன் எண் 1063. மத்திய அரசின் சிபிகிராம்ஸ் பொதுக்குறை இணையத்தளத்திலும் பதியலாம். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். நோட்டைத் திறந்து எண்களைச் சொல்லுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2009இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் எடுக்க முடியாது என்ற நிலை நெடுநாள் இருந்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஐயத்தை நீக்கி, எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்குக்கு முன்படியாகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் பாருங்கள். சாதாரணப் பழுது அங்கே போகும் அளவுக்கு வளர்வது அரிது.

ஃபைபர் லைனாக இருந்தால்

இப்போது பல வீடுகளில் லேண்ட்லைன் குரலும் ஃபைபர் வழியாகத்தான் வருகிறது. அங்கே சோதனை வேறு. ஃபைபர் வந்து சேரும், சுவரில் மாட்டிய ஓஎன்டி என்ற பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது சிமிட்டினால் ஒளி வந்து சேரவில்லை, கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, உடனே புகார் செய்யுங்கள். இணையம் நன்றாக வந்து ஃபோனில் மட்டும் டோன் இல்லை என்றால், ஃபோன் ஒயர் சரியான துளையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒருமுறை பெட்டியை அணைத்துப் போடுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் உங்கள் குரல் எண் இணைப்பகத்தில் பதிவாகவில்லை, அவர்கள் அங்கிருந்தே சரிசெய்ய வேண்டும். இதைச் சொல்லிப் புகார் செய்தால் வீட்டுக்கு ஆள் வர வேண்டிய தேவைகூட இராது.

ஃபைபர் நூலை மடக்கி ஆணியில் மாட்டாதீர்கள். அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர்.

செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறச் சொல்லி உங்களைக் கேட்டால், அதே எண் தொடருமா என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கைப்பேசியைப்போல எண்ணை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகும் வசதி இந்தியாவில் லேண்ட்லைனுக்கு இல்லை. பிஎஸ்என்எல்லில் செம்பிலிருந்து ஃபைபருக்கு அதே எண்ணோடு மாறலாம். மழைக்கு மழை டெட்டாகும் லைனுக்கு அது நல்ல தீர்வுதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. செம்பு லைனுக்கு மின்சாரம் இணைப்பகத்தின் பேட்டரியிலிருந்து வந்ததால், வீட்டில் மின்வெட்டு ஆனாலும் ஃபோன் பேசும். ஃபைபரில் கரண்ட் போனால் ஃபோனும் போய்விடும். புயல் நாட்களில் தனியாக இருக்கும் பெரியவருக்கு ஃபோன் தேவைப்படுவது அப்போதுதான். ஓஎன்டிக்கென்று ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி மாட்டிய பிறகே பழைய லைனைக் கழற்றச் சொல்லுங்கள்.

சுவரில் ஒரு தாள்

பெரியம்மா வீட்டு முக்காலிக்கு மேலே இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து. லேண்ட்லைன் எண், கணக்கு எண், புகார் செய்ய அழைக்க வேண்டிய எண், பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசி எண், என் எண். கைப்பேசி எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பூஜ்யத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். கீழே ஒரு வரி: “தினமும் காலையில் ரிசீவரை எடுத்து டோன் கேட்கிறதா என்று பார்க்கவும்.” பூப்பறித்துவிட்டு வந்ததும் அவர் அதைச் செய்துவிடுகிறார். டோன் இல்லாத அன்று பக்கத்து வீட்டுக்குப் போய் என்னை அழைக்கச் சொல்கிறார். நான் அந்த நிமிடமே புகார் பதிகிறேன்.